ஸ்டெல்லா டீச்சரின் யுகுலேலேயும் பிடுங்கப்பட்ட பின்னும்

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்தபோது ஸ்டெல்லா டீச்சர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் போன வாரம் நான் முடித்துக் கொடுத்த யுகுலேலே, நான்கு கம்பிச் சின்ன கிட்டார். வணக்கம் சொல்லவில்லை.

"பாய், நேத்து பூசைல மைக்குல வாய் வெச்சேன். பல்லு வரைக்கும் ஷாக். 'ஆண்டவரே'ன்னு ஆரம்பிச்சு 'ஐயோ'ன்னு முடிச்சேன். கோயிலே சிரிச்சுது."

"வேற யாருக்காவது அடிச்சுதா?"

"எனக்கு அடிச்சது பத்தாதா?"

மந்தைவெளியில் முப்பது வருடமாக மின்சார வாத்தியங்களைப் பழுது பார்க்கிறேன். வடபழனி ரெக்கார்டிங் ஆட்களின் கிட்டாரும், மயிலாப்பூர் வீணைகளுக்கு ஒட்டும் மைக்கும் இந்த மேஜைக்கு வந்திருக்கின்றன. புகாருடன் ஓர் உதடு வந்தது அன்றுதான்.

1. டீச்சர் கேட்டது

ஸ்டெல்லா டீச்சர் கணக்கு வாத்தியார். இருபது வருடமாகப் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பாடிக்கொண்டே யுகுலேலே வாசிக்கிறார். புதிதாக வந்த குழுத் தலைவர் ராபின், ஒரு கீபோர்டுடனும் சொந்த மைக் செட்டுடனும் வந்தார். வந்த வாரமே தீர்ப்பும் வந்தது.

"டீச்சர், உங்க வாத்தியம் கொசு மாரி கீது. திருவிழா பூசைக்குள்ள சவுண்டு வரலன்னா நீங்க பின் வரிசைல நின்னு கை தட்டுங்க."

டீச்சர் ஆன்லைனில் ஒரு சாலிட் பாடி யுகுலேலே வாங்கி வந்தார். ஓட்டை இல்லை, உள்ளே வெற்றிடம் இல்லை. நைலான் கம்பி மாட்டிய பலகை. கடையில் என் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் பிளாஸ்டிக் சீப்பை மீட்டுவதுபோல் இருந்தது.

"இதுல கிட்டார் பிக்கப் வெச்சுக் குடுங்க பாய்."

"கம்பியோட அதிர்வைப் பிடிக்கற பிக்கப்ல இருக்கறது காந்தம், டீச்சர். நைலானை அது சட்டை பண்ணாது. இரும்புக் கம்பி போடணும்."

"போடுங்க. இரும்புச் சங்கிலியே போடுங்க. அந்த ராபினுக்குக் கேக்கணும்."

2. வேலை

இரும்புக் கம்பி நைலானைவிட அதிகமாக இழுக்கும். கழுத்துக்குள் இரும்புக் கம்பம் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், இருந்தது. கம்பிகளை அடியில் தாங்கும் பிரிட்ஜ் ஒட்டியிருந்தது, அதைக் கழற்றிவிட்டு உலோக பிரிட்ஜைத் திருகினேன். நைலானுக்கு வெட்டிய பள்ளங்களில் மெல்லிய கம்பி ஆடியதால், மேலே நட் எனும் சிறு துண்டை எலும்பில் புதிதாகச் செதுக்கினேன். உளியால் உடம்பைக் குடைந்து நான்கு காந்தமுள்ள பிக்கப்பைப் பதித்தேன்.

கடைசியாக, பிரிட்ஜிலிருந்து, ஆம்ப் வயர் செருகும் ஜாக்கின் எர்த்துக்கு ஒரு வயர். இதைப் போட்டால் கம்பியில் கை பட்டதும் உறுமல் அடங்கும். எல்லா எலக்ட்ரிக் கிட்டாரிலும் இருப்பதுதான். டீச்சரிடம் ஆம்ப் இல்லாததால் என் மேஜை ஆம்பையே இரவல் கொடுத்தேன்.

அந்தத் திங்கட்கிழமை யுகுலேலேயைத் திறந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தேன். குற்றமில்லை. உடனே ஒரு நிபுணரின் குரலில், "கோயில் மைக் செட்டுலதான் கோளாறு" என்றேன். டீச்சர் அதை அப்படியே ராபினிடம் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை உங்க பாயைக் கூட்டினு வாங்க" என்றாராம் ராபின். "என் செட்டு சரியா இருந்தா, ஞாயித்துக்கிழமை நீங்க கை தட்டுற வரிசை."

3. சனிக்கிழமை

திருவிழாவுக்கு முந்தைய நாள் ஒத்திகை. டெஸ்டரை மைக்கில் வைத்தேன். எரியவில்லை. டீச்சரின் கம்பியில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

"இன்னா பாய், என் செட்டா?" என்றார் ராபின்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. யுகுலேலேயை உள்ளே வைக்க கேஸின் ஜிப்பைத் திறக்க ஆரம்பித்தார்.

ஆம்பின் பின்னால் போய் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மூன்று பின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. மூன்றாவது இருந்த இடத்தில் பிளையர் தடம். என் பிளையர். பல வருடத்துக்கு முன் மேஜையில் ஆம்ப் உறுமியதால் எர்த் பின்னைப் பிடுங்கினேன், உறுமல் நின்றது. ஊரில் பாதி வாத்தியக்காரர்கள் செய்வது இது. இதற்கு அனுபவம் என்று பெயர்.

நைலான் கம்பி இருந்தவரை அந்தப் பின் இல்லாதது யாரையும் கடிக்காது. நான் இரும்பைப் போட்டு, வயரும் போட்டு, டீச்சரை சர்க்யூட்டில் சேர்த்திருந்தேன். ஆம்பில் கசிந்த மின்சாரம் அவர் விரல் வழியாக ஏறி உதடு வழியாக மைக்கில் இறங்கியிருக்கிறது.

"செட்டுல தப்பில்ல. டீச்சர் மேலயும் இல்ல. இந்தப் பின்ன புடுங்கினவன் நான்தான்" என்றேன்.

"பாவசங்கீர்த்தனத்துக்குத் தனியா பொட்டி கீது பாய். அங்க போய் சொல்லுங்க" என்றார் ராபின்.

பையிலிருந்து புது ப்ளக்கை எடுத்து மாட்டினேன். சுவரில் எர்த் இருப்பதை டெஸ்ட் லாம்பில் உறுதி செய்தேன். கம்பியில் டெஸ்டர் எரியவில்லை. ராபினுக்கு அது போதவில்லை.

"டெஸ்டர் பாடாது. நீங்க வாய் வைங்க."

ஒரு கையால் நான்கு கம்பிகளையும் பிடித்து, மைக்கில் உதட்டை வைத்தேன். ஒன்றும் அடிக்கவில்லை. நிரூபிப்பதற்காக இரண்டு வரி பாடினேன். கோயில் அதைத் திருப்பி எனக்கே போட்டுக் காட்டியது.

"பாய், ஷாக்கே பரவால்ல" என்றார் டீச்சர். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகு அவர் வாசித்தார். இரண்டாவது பாட்டின் நடுவில் ராபின் கையைத் தூக்கினார்.

"டீச்சர், கொஞ்சம் கம்மி பண்ணுங்க. கீபோர்டு கேக்க மாட்டேங்குது."

"இதோ" என்று டீச்சர் குமிழைத் திருகினார். பக்கத்தில் நின்றதால் எந்தப் பக்கம் திருகினார் என்பது எனக்குத் தெரியும். கம்மி செய்யும் பக்கம் இல்லை. மறுநாள் திருவிழாப் பூசையில் அவர் முன் வரிசையில்தான் நின்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உறுமல் பிடிக்கவில்லை என்று எர்த்தைப் பிடுங்காதீர்கள். வேறு காரணத்தைத் தேடுங்கள். கையில் இருக்கும் சாமானை மட்டும் சோதித்துவிட்டு அடுத்தவர் செட்டைக் குறை சொல்லாதீர்கள். இரும்புக் கம்பி கேட்டு யார் வந்தாலும் நான் இப்போது கம்பியின் தடிமன், ட்யூனிங் எதையும் முதலில் கேட்பதில்லை.

"வாசிச்சிக்கினே பாடுவீங்களா?" என்றுதான் கேட்கிறேன்.