ஆண் மரம் தேடிய அலைச்சல்

மரம் தேடும் வேலை என்றால் காட்டில் நடப்பது என்று நினைப்பீர்கள். பாதி நாள் நான் நடந்தது சிவகாசித் தெருக்களில்தான். தொலைந்த சாவியைத் தேடி வீட்டில் ஏச்சு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

நரம்பளி என்று ஒரு மரம். பைன் மரத்துக்குச் சொந்தம், ஆனால் இலை ஊசியாக இருக்காது. அகலமாக, நடு நரம்பே இல்லாமல் இருக்கும். தெற்கு மலைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிச்சம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே, அரிய மரங்களைக் காக்கும் எங்கள் குழுவுக்குத் தெரிந்து நின்றது ஒரே ஒரு பெண் மரம். ஆண் மரம் அருகில் இல்லாததால் வருடா வருடம் உள்ளே பருப்பில்லாத பொக்கு விதையாக உதிர்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. அது சாய்வதற்குள் ஒரு ஆண் மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நோட்டீஸ்

கையில் செல்போன் வந்த புதிது. நம்பரும் இலைப் படமும் போட்டு, 'பைன் இனத்து மரம், பார்த்தீர்களா?' என்று நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். காலண்டர் சீசன். அச்சக முதலாளி காதர் பாய் முதல் கட்டுத் தாள்களை ஓட்டிப் பார்த்திருக்கிறார்; பிடிக்கவில்லை. அதைக் கழிவுத்தாளில் தள்ளிவிட்டு, இலைக்குப் பதில் நட்சத்திரம் மின்னும் கிறிஸ்துமஸ் மரத்தை அச்சடித்து வைத்திருந்தார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க குடுத்த இலையில ஒரு களையே இல்ல சார். இது வாழ்த்து அட்டை ஆர்டர்ல மிஞ்சுன படம், எம்புட்டு ஜோரா இருக்கு பாருங்க!"

ஆமத்தூர் தகவல்

வேறு வழியில்லாமல் அதையே ஒட்டினோம். ஆமத்தூர் மாதா கோயில் பணியாளர் ஒருவர், மரம் தங்களிடம் இருப்பதாகப் போன் செய்தார். பஸ் பிடித்து ஓடினேன். பச்சை பிளாஸ்டிக் மரம். நோட்டீஸில் இருந்த அதே மரம்தான், அவர்மேல் குற்றமில்லை. டீ வாங்கிக் கொடுத்து ஆறுதல் வேறு சொன்னார்.

"நல்ல வேளை இப்ப வந்தீக. பொங்கலுக்கு வந்திருந்தா மடிச்சுப் பெட்டியில வச்சிருப்போம்."

வெடிக்குழாய்

கழிவுத்தாள் இந்த ஊரில் எங்கே போகும்? பட்டாசுக் கம்பெனிக்குத்தான். விஸ்வநத்தத்தில் வெடிக்குழாய் சுற்றும் முத்துலட்சுமி கையில் இலைப் படம் போட்ட அந்த முதல் கட்டு சிக்கியது. குழாயாகச் சுற்றும் முன் படத்தைப் பார்த்திருக்கிறார். போன் வந்தது.

"நடு நரம்பில்லாத இலைதான சார்? எங்க அண்ணன் வேலை பாக்குற ஏலத்தோட்டத்துல நிக்கி. காய்க்கவே மாட்டேங்குதுன்னு வெட்டச் சொல்லீட்டாக, வெரசா வாங்க."

கல்யாணம்

மறுநாளே அவர் அண்ணனோடு மலையேறினேன். காய்க்காத மரம், நின்றுகொண்டிருந்தது. ஆண் மரம் எப்படிக் காய்க்கும்? கட்டிப்பிடித்து அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. விஷயத்தைச் சொன்னதும் தோட்டத்து மேஸ்திரி சிரித்துவிட்டுக் கோடரியைத் திருப்பி அனுப்பினார். பூக்கும் பருவத்தில் மகரந்தத்தைக் காகிதப் பையில் கொண்டுபோய்ப் பெண் மரத்தில் தூவினோம். அடுத்த வருடம் விதை முளைத்தது. முதல் கன்றை முத்துலட்சுமியிடம் காட்டப் போனேன். இலையைத் தடவிப் பார்த்துவிட்டு முறைத்தார்.

"எங்க அண்ணன் தோட்டத்து மாப்பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சு, பிள்ளையையும் தூக்கிட்டு வந்துட்டீக, எங்களுக்கு ஒரு பத்திரிகை வைக்கலையே?"

வைத்திருக்கலாம்தான், ஆனால் காதர் பாய் மாப்பிள்ளைக்குக் களை பத்தாது என்று வேறு யார் படத்தைப் போட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான் சும்மா இருந்துவிட்டேன்.