மதாம் ஓட்டல் பந்தி

காசியம்மாளுக்குக் கோவம் வந்துட்டா அடி அண்ணாமலையில கோழி கூட அவ வாசலுக்குக் குறுக்கால போகாது. பால்ல தண்ணி ஜாஸ்தியா இருந்தா கோவம். கிரிவலம் போறவங்க வாழைப்பழத் தோலை வூட்டு முன்னால போட்டா கோவம். எதைக் கேட்டாலும் "சரி, பாக்கலாம்"னு சொல்ற புருசன் மேல தனியா ஒரு கோவம். அப்பாதுரை பாவம், அரைக்காணி மல்லாட்டைக் கொல்லைய வச்சிக்கிட்டு, வெளையற வேர்க்கடலைய வித்துக்கிட்டு, யாரு வம்புக்கும் போகாத மனுஷன். அதனால ரெண்டு பேருக்கும் சேத்து அவளே கோவப்பட வேண்டியிருந்துச்சு.

அவ வேலை செஞ்ச இடம் செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்கு இந்தாண்ட. எண்பத்தொம்பதுல ஒரு பிரெஞ்சுக்காரம்மா அங்க வூடு புடிச்சி, சின்னதா ஒரு ஓட்டல் போட்டாங்க. பேரு ஒதில். நம்ம வாயில அது நொழையல, ஊருக்கே மதாம்தான். புதுச்சேரியில கொஞ்ச வருஷம் இருந்ததால அரைகுறையாத் தமிழ் பேசுவாங்க. பிரான்சுல மேக்கால கடலோரமா பிரெத்தாஞ்னு ஒரு சீமை இருக்காம், அந்தச் சீமைச் சாப்பாடுதான் அந்த ஓட்டல்ல. வேற எதுவும் கிடையாது. சாம்பார் கேட்டு வந்தவங்களை அடுத்த கடைக்குக் கை காட்டிடுவாங்க.

காசியம்மாள் அங்க பாத்திரம் தேய்க்கப் போனவதான். ஆனா கேவுரு மாவுல, அதான் கேழ்வரகு மாவுல, தோசை வாக்கறவ கை சும்மா இருக்குமா? அந்தச் சீமையில ஒரு கருப்பு தானியத்துல காகிதம் மாதிரி மெல்லிசா ஒரு அடை சுடுவாங்க, கலெத்னு பேரு. அந்த தானியம் இங்க கெடைக்காம மதாம் திண்டாடிக்கிட்டு இருந்தாங்க. "கேவுரு மாவுல செஞ்சா இன்னா கொறஞ்சி போயிடும்?"னு கேட்டு, காசியம்மாள் ரெண்டு பங்கு கேவுருல ஒரு பங்கு கோதுமையைக் கலந்து கல்லுல இழுத்து வுட்டா. நடுவுல வெண்ணெயில வதக்குன வெங்காயமும் காளானும் சீஸும் வச்சி, நாலு பக்கமும் மடிச்சி சதுரமாக் குடுத்தா. மதாம் தின்னுட்டு இன்னொண்ணு கேட்டாங்க. மறுநாள்லேர்ந்து அடுப்பு காசியம்மாளோடது. தொண்ணூத்தெட்டு வரைக்கும் அந்த அடுப்பை அவ யாருக்கும் வுட்டுக் குடுக்கல. ஆனா ஒண்ணு, அத்தனை வருஷத்துல அந்த மேஜையில அவ ஒரு தடவை கூட உக்காந்ததில்ல. யாரும் உக்காருன்னும் சொல்லல, அவளும் கேக்கல.

அந்தத் தொண்ணூத்தெட்டுலதான் பொண்ணு எழிலுக்கு கீழ்பென்னாத்தூர்லேர்ந்து சம்பந்தம் வந்துச்சு. பையன் வளவன், பஸ் கண்டக்டர். டைப்ரைட்டிங் கிளாஸ்ல ரெண்டும் பாத்துப் பழகினதுங்க, அதனால எழிலுக்கு இந்த இடம்தான் வேணும். கட்டுனா வளவன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா. பையனோட அப்பா சக்கரவர்த்தி, நெல்லு மண்டி வச்சிருக்கிறவரு. பேருக்கேத்த மாதிரி ராஜ தோரணை.

பேச்சு வார்த்தைக்கு அவங்க வூட்டுக்குப் போனப்ப இலை போட்டாங்க. சக்கரவர்த்தி மடமடன்னு சாப்ட்டாரு, இலைய மடிச்சாரு, எழுந்தாரு. அவ்ளோதான், பந்தியே எழுந்துருச்சு. அப்பாதுரை இலையில பாயாசம் அப்படியே கெடந்துச்சு. பெரியவரு எழுந்தப்பறம் உக்காந்திருந்தா மரியாதையா? அவரு சம்சாரம் ராஜம்மாள் பரிமாறிக்கிட்டே இருந்தாங்க. எல்லாரும் கை கழுவுனப்பறம் சமையல்கட்டு மூலையில ஆறிப்போன சோத்தப் போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. காசியம்மாள் கண்ணு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுதான் இருந்துச்சு.

வெத்தலை போட்டுக்கிட்டு சக்கரவர்த்தி சொன்னாரு. "பொண்ணு தங்கமான பொண்ணு. அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க, சம்பந்தியம்மா இன்னா பண்றாங்கன்னு. வெள்ளைக்காரன் எச்சில் தட்டு கழுவறாங்கன்னா சொல்றது? அதை வுட்டுடுங்க. அடுத்த வாரமே தேதி பாத்துடலாம்."

காசியம்மாளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறுச்சு. அப்பாதுரை அவ முழங்கையை லேசாத் தொட்டாரு. பொண்ணு மொகத்தை நெனச்சிப் பல்லைக் கடிச்சிக்கிட்டா. "அண்ணே, நான் செய்யற வேலை இன்னான்னு நீங்க பாத்ததில்ல. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு பேரும் எங்க ஓட்டலுக்கு வாங்க. ஒரு வேளை சாப்ட்டுட்டு அப்புறம் சொல்லுங்க, வுடணுமா வேணாமான்னு." சக்கரவர்த்தி மீசையைத் தடவிக்கிட்டு, சரி வரோம்னாரு.

விஷயத்தைக் கேட்டு மதாமுக்கு ஒரே சந்தோஷம். அன்னைக்கு மதியம் வெளியாளுக்குச் சாப்பாடு இல்லன்னு கதவுல எழுதி மாட்டிட்டாங்க. "என் அம்மா வீட்ல எப்படியோ, அப்படியே செய்வோம், காசி. எல்லாம் முறைப்படி." காசியம்மாள் மதாமுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னா. இடது கையால எடுத்து வைக்காத. அவரு பேரச் சொல்லிக் கூப்புடாத. அந்தப் பக்கமும் சொல்லி அனுப்புனா, முட்டை கிடையாது, கறி கிடையாது, சாராயம் கிடையாது, பயப்படாம வாங்கன்னு. சொல்ல வேண்டிய ஒண்ணை மட்டும் ரெண்டு பக்கமும் சொல்லல. தெனம் பாத்துப் பாத்து அவளுக்கு அது பழகிப் போச்சு.

கிளம்பறப்ப எழில் கையப் புடிச்சிக்கிட்டா. "அம்மா, உன் கோவத்தை இன்னைக்கு ஒரு நாள் வூட்லயே வச்சிட்டுப் போம்மா." பெத்த பொண்ணு இப்படிக் கேட்டா எந்தத் தாய்க்குத்தான் மனசு தாங்கும்? காசியம்மாள் தலைய ஆட்டிட்டு வந்தா.

வந்தாங்க. வளவனுக்கு அன்னைக்கு டூட்டி, பெரியவங்க ரெண்டு பேரு மட்டும்தான். மதாம் கும்புடு போட்டு, சக்கரவர்த்தியையும் ராஜம்மாளையும் எதிரும் புதிருமா உக்கார வச்சாங்க. அப்பாதுரையையும் பக்கத்துல உக்கார வச்சாங்க. புருசனுக்கு நேரா சாப்பாட்டுக்கு உக்காந்து ராஜம்மாளுக்குப் பழக்கமே இல்ல. நாற்காலி நுனியில ஒட்டிக்கிட்டு, எப்ப எழுந்து பரிமாறச் சொல்வாங்களோன்னு கால் ரெண்டையும் ரெடியா வச்சிருந்தாங்க. காசியம்மாள் உள்ள அடுப்புல. கலெத் சுடச்சுடத் தின்னாத்தான் ருசி, அதனால அவ கல்லை வுட்டு நகர முடியாது.

மொதல்ல உருளைக்கிழங்கும் பச்சை வெங்காயத் தாளும் போட்ட சூப்பு வந்துச்சு, கூட நாலு துண்டு ரொட்டி. சக்கரவர்த்தி அதைப் பாத்தாரு. நம்ம பக்கம் ரொட்டி யாரு தின்னுவா? ஜொரம் வந்தவன். கஞ்சி யாரு குடிப்பா? அவனேதான். சரி, சோறு பின்னால வரும்போலன்னு அரைத் தட்டு குடிச்சிட்டு ஸ்பூனைக் கீழ வச்சாரு. எல்லாத்தையும் இலையில வச்சப்பறம்தானே கை வைக்கறது நம்ம வழக்கம்? மேஜையில வேற எதையும் காணோம். அவரு நிமிந்து பாக்கறாரு, மதாம் சிரிச்ச மொகத்தோட வந்து அவரு முன்னால இருந்த தட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

உக்காந்திருக்கிறவன் முன்னாலேர்ந்து இலைய எடுத்தா நம்ம ஊருல அதுக்கு இன்னா அர்த்தம்? போடா வெளியன்னு அர்த்தம். வாயால சொன்னாக் கூடப் பரவாயில்ல.

சக்கரவர்த்தி நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்தாரு. ராஜம்மாள் வாயில ரொட்டித் துண்டு. கையப் புடிச்சி எழுப்புனாரு. அப்பாதுரை? அவரும் எழுந்துட்டாரு.

காசியம்மாள் ரெண்டு கையில கலெத் தட்டோட வெளிய வந்தா. மேஜை காலி. அப்பாதுரை மட்டும் சுவரோரமா நின்னுக்கிட்டு இருந்தாரு.

"எங்க அவங்க?"

"போயிட்டாங்க."

"நீ ஏன்யா நிக்கற?"

"அவரு எழுந்தாரு. நானும் எழுந்தேன்."

மதாம் மொகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "பிடிக்கலையா, காசி? சூப் முடிஞ்சுது, தட்டு எடுத்தேன். அவ்வளவுதான்." காசியம்மாளுக்கு அப்பத்தான் உறைச்சிது. இத்தனை வருஷமா இந்தப் பொம்பள தட்டு எடுக்கறதைப் பாக்கறேனே, இதை மட்டும் சொல்லாம வுட்டேனே, பாவி. மதாம் மேல கோவம், தன் மேல கோவம், தப்பு யாரு மேலன்னு ஒரு வார்த்தை கேக்காம எழுந்து போன அந்த மனுஷன் மேல எல்லாத்துக்கும் மேல கோவம். தட்டை மேஜையில வச்சிட்டு ரோட்டுக்கு ஓடுனா. தோசைக் கரண்டி இடுப்புலயே சொருகியிருந்துச்சு.

டவுன் பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"அண்ணே, நில்லுங்க. அவங்க ஊருல ஒண்ணு தின்னு முடிச்சாத்தான் அடுத்தது வரும். தட்டை எடுத்தா போன்னு அர்த்தம் இல்ல, இன்னும் வருதுன்னு அர்த்தம். அதை உங்களுக்குச் சொல்லாதது என் தப்பு. மன்னிச்சிக்குங்க. வாங்க, கலெத் ஆறுது."

"நோயாளிக்கு வைக்கற மாதிரி கஞ்சியும் ரொட்டியும் வச்சீங்க. அதையும் புடுங்கிக்கிட்டுப் போனீங்க." சக்கரவர்த்தி அவளைப் பாக்கக் கூட இல்ல, பஸ் வர்ற தெசையைப் பாத்துப் பேசுனாரு. "எழுந்த பந்தியில திரும்ப உக்காரறது எங்க வம்சத்துலயே கிடையாது. இந்த லட்சணத்துல இதுக்கு ஒரு வேலை. நாளைக்கே வுட்டுட்டேன்னு சொல்லி அனுப்புங்க. இல்லனா உங்க பொண்ணுக்கு வேற இடம் பாத்துக்குங்க."

வூட்லயே வச்சிட்டுப் போன்னு எழில் சொன்ன கோவம் அத்தனையும் அந்த நிமிஷம் ரோட்டுக்கு வந்து நின்னுச்சு.

"வுட மாட்டேன். எச்சில் தட்டுன்னீங்களே, ஆமாங்க, கழுவுனேன். அந்தத் தட்டைக் கழுவித்தான் உங்க வூட்டுக்கு வரப்போற பொண்ணைப் படிக்க வச்சேன். உங்க வூட்லயும் தெனம் ஒருத்தங்க எச்சில் எடுக்கறாங்க. ஆறிப்போன சோத்தை மூலையில உக்காந்து தின்னுட்டு எடுக்கறாங்க. அவங்களுக்கு இன்னா மரியாதை குடுத்தீங்க? என் வேலைய எடைபோட வந்துட்டீங்க." மூச்சு வாங்குச்சு. போச்சு, பொண்ணு வாழ்க்கையில நானே மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அலறுச்சு. ஆனாலும் சொன்ன வார்த்தையை அவ திருப்பி எடுத்துக்கல.

பஸ் வந்துருச்சு. சக்கரவர்த்தி படியில கால வச்சாரு. ராஜம்மாள் நகரல.

"ஏறு."

"நான் எழுந்திருக்கல."

"இன்னாது?"

"நீங்க எழுந்தீங்க. என்னை நீங்கதான் கையப் புடிச்சி எழுப்புனீங்க. நான் இன்னும் சாப்ட்டு முடிக்கல." ராஜம்மாள் குரல் நடுங்குச்சு, ஆனா நிக்கல. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னைக்குத்தான் எனக்கு ஒருத்தங்க சூடாப் போட்டாங்க. எனக்குப் பசிக்குது. நீங்க போயிட்டு வாங்க." சொல்லிட்டு ஓட்டலைப் பாத்து நடந்துட்டாங்க.

"ஏறுறீங்களா இல்லையா பெரியவரே?"ன்னான் அந்த வண்டிக் கண்டக்டர். அவரு படியிலேர்ந்து கால எடுத்தாரு. விசில் அடிச்சிட்டான். பஸ் போயிருச்சு. நெல்லு மண்டி சக்கரவர்த்தி செங்கம் ரோட்டு வெயில்ல ஒத்தையா நின்னாரு.

கொஞ்ச நேரம் கழிச்சி வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுச்சு. "வெயில் ஜாஸ்தியா இருக்கு"ன்னாரு, யாரையும் பாக்காம. காசியம்மாள் நாற்காலியைக் காட்டுனா. போயி மறுபடியும் ஒரு தட்டு சூப்பு எடுத்துட்டு வந்து அவரு முன்னால வச்சா.

"இதைக் குடிச்சிட்டேனே."

"பாதியில எழுந்தீங்க. மொதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அப்புறம் மதாம் பக்கம் திரும்புனா. "மதாம், நீ அடுப்புக்குப் போ. மாவு கரைச்சி வச்சிருக்கேன். இன்னைக்கு நான் உக்காரறேன்."  மதாம் காசியம்மாள் இடுப்புல கட்டியிருந்த அடுப்படித் துணியை அவுத்து வாங்கித் தன் இடுப்புல கட்டிக்கிட்டு உள்ள போனாங்க.

காசியம்மாள் மேஜையோட தலைமாட்டுல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தா. அப்பாதுரை அவ பக்கத்துல. சூப்பு போச்சு, தட்டு போச்சு, கலெத் வந்துச்சு. ஒவ்வொரு தட்டு போறப்பவும் சக்கரவர்த்தி தோள் லேசா வெடச்சிது, அடுத்தது வந்தப்பறம் எறங்குச்சு. மூணாவது கலெத்தை அவரா கேட்டு வாங்குனாரு.

"இந்த வேலைய நான் வுட மாட்டேன். பொண்ணையும் குடுக்கறேன். ரெண்டும் சேத்துதான்"னா காசியம்மாள். கோவம் இன்னும் எறங்கல அவளுக்கு. சக்கரவர்த்தி தட்டைப் பாத்துக்கிட்டு மென்னுக்கிட்டு இருந்தாரு.

"தையில வச்சிக்கலாமா, அண்ணி?"னாங்க ராஜம்மாள், வாய் நெறைய வச்சிக்கிட்டு. சக்கரவர்த்தி மறுத்துப் பேசல.

கடைசியா வெண்ணெயும் சர்க்கரையும் மடிச்சி மடிச்சிச் சுட்ட இனிப்பு வந்துச்சு. சக்கரவர்த்தி பழக்க தோஷத்துல மடமடன்னு முடிச்சிட்டு, மேஜையில கைய ஊணிக்கிட்டுப் பாதி எழுந்தாரு. யாரும் அசையல. அப்பாதுரை கூட அசையல. தலைய குனிஞ்சி இனிப்பைப் பிட்டுக்கிட்டு இருந்தாரு. ராஜம்மாள் வெரல்ல ஒட்டியிருந்த சர்க்கரையை நிதானமா நக்குனாங்க. சக்கரவர்த்தி மெதுவா மறுபடியும் உக்காந்தாரு.

காசியம்மாள் அவசரப்படல. கடைசித் துண்டைத் தின்னா, தண்ணி குடிச்சா, வாயத் தொடைச்சிக்கிட்டா. அப்புறம் எழுந்தா. அவ எழுந்தப்பறம்தான் மத்தவங்க எழுந்தாங்க.