யானைக்குட்டி கூப்பிட்ட பெயர்

வீட்டிலும் தெருவிலும் அவளுக்கு ஒரே பெயர்தான்: யானைக்காரி. வைத்தவன் கட்டின புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மேலே ஏற்றிவிடுகிறவன், குடியிருப்பதென்னவோ தரைத்தளத்தில். பெண்டாட்டி வாரக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு யானைக்குட்டிக்குத் தும்பிக்கை தூக்கக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்து அவன் விளையாட்டாகச் சொன்னது, பால்காரர் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடங்களுக்குச் சின்னச் சின்ன விளையாட்டுகள் செய்து கொடுப்பது அவள் தொழில். ப்ரௌசரைத் திறந்தால் விளையாடலாம். பழம் பொறுக்கினால் கூட்டல் வரும், ரயில் பெட்டிகளை ஒழுங்காக மாட்டினால் வாக்கியம் வரும். கேட்டு வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகம். "பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையா இருக்கணும்" என்பார் ஒருவர். "பிள்ளைங்க ஜெயிக்கணும், ஆனா சீக்கிரம் ஜெயிக்கக் கூடாது" என்பார் இன்னொருவர். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தனக்குச் சரியென்று பட்டதைச் செய்துவிடுவாள். பாதி நேரம் யாருக்கும் தெரியாது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தாளாளர் அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது. எழுத்து படிக்கும் சின்ன வகுப்புக்கு ஒரு விளையாட்டு வேண்டும், அதில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அத்தனை பெயரையும் எப்படிப் பதிவு செய்வது? யானைக்காரி யோசித்துப் பார்த்தாள். எந்தப் பெயரானாலும் எழுத்துக்குள்தானே அடக்கம்! எழுத்தையெல்லாம் ஒரு முறை சொல்லி வைத்துவிட்டால், பிள்ளை தன் பெயரை எழுத்தெழுத்தாகப் பொறுக்கப் பொறுக்க, யானைக்குட்டி அவற்றைக் கோத்துக் கூப்பிட்டுவிடும்.

எதிரொலி விழாமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அகரம் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள்.

"அலமாரிக்குள்ள யாருடி இருக்கா?" என்றான் புருஷன்.

"உனக்கு மேல ஒருத்தன். கதவைச் சாத்து."

உயிரும் உயிர்மெய்யும் சொன்ன பேச்சைக் கேட்டன. மெய்தான் படுத்தியது. 'ட்' என்று தனியாக எந்த வாயால் சொல்ல முடியும்? 'இட்' என்றுதான் வருகிறது. முன்னால் ஒட்டியிருந்த இகரத்தை எவ்வளவு நறுக்கியும், மெய் வரும் இடத்திலெல்லாம் யானைக்குட்டி லேசாக விக்கியது. பிள்ளைகளுக்கு அந்த விக்கல்தான் பிடித்துப்போயிற்று. கெக்கலி கொட்டிச் சிரித்தார்கள். தாளாளருக்கும் திருப்தி.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு, ஒரு நாள் கம்ப்யூட்டர் மிஸ் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒரு தடவை நேர்ல வந்து பாருங்களேன். போன்ல சொன்னா சிரிப்பீங்க."

போனாள். கம்ப்யூட்டர் அறை வாசலில் குட்டிச் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. உள்ளே மின்விசிறிகள் ஓடின. பிள்ளைகள் வழக்கம்போல் இரையவில்லை, கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் ஒருத்தி எழுந்துபோய் எதையோ பொறுக்கிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள். யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கியது.

"மொ... ட்... டு."

அத்தனை தலைகளும் ஒரே சமயத்தில் ஜன்னலோர நாற்காலிப் பக்கம் திரும்பின. நாற்காலி காலி. யாரும் சிரிக்கவில்லை. பொறுக்கிவிட்டு வந்தவள் மட்டும் திரையைப் பார்த்து, "வருவா, வருவா. இரு" என்றாள், வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சமாதானம் சொல்வதுபோல.



மிஸ் யானைக்காரியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். மொட்டு என்பது இந்த வகுப்புப் பெண். பேன் தொல்லைக்கு மொட்டை அடித்துக்கொண்டு வந்தவளைப் பிள்ளைகள் "மொட்டை, மொட்டை" என்று கூப்பிட, அவள் அழ, "சரி, மொட்டு" என்று சமரசம் ஆகியிருக்கிறது. அவளுக்கே அந்தப் பெயர் பிடித்துப்போய், வீட்டிலும் அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று அடம்பிடித்தாளாம். விடுமுறையில் காய்ச்சல் வந்தது. போய்விட்டாள்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லலையா?"

"மாமா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லச் சொன்னாங்க தாளாளர். பிஞ்சு மனசாம். அதான் இதுங்க யானையை விட்டுக் கூப்பிடுதுங்க. அவளுக்குக் கேட்டா வந்துடுவாளாம்."

தாளாளர் ஒரே வரியில் முடித்தார்: "அந்தப் பேர் வராம பண்ணிடுங்க."

பண்ணினாள். 'மொட்டு' என்று பொறுக்கினால் யானைக்குட்டி ஊமையாகிவிடும். மறுநாள் பிள்ளைகள் 'மோட்டு' என்று பொறுக்கினார்கள். அதையும் அடைத்தாள். 'மொட்ட்டு' வந்தது, 'மொஒட்டு' வந்தது. அடைக்கிறவள் ஒருத்தி, திறக்கிறவர்கள் ஒரு வகுப்பு. கடைசியில் எழுத்துப் பொறுக்கும் வசதியையே எடுத்துவிட்டு, இப்போது படிக்கிற பிள்ளைகளின் பெயர்களை மட்டும் வைத்தாள். திரையில் தன் படத்தைத் தொட்டால், அவரவர் பெயர் மட்டும் வரும். இனி எந்தக் கொம்பனாலும் அந்தப் பெயரைக் கொண்டுவர முடியாது.

சரிபார்க்க நேரில் போனாள். பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். அறையில் அவளும் மிஸ்ஸும் மட்டும். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சதுரமாக விழுந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, இரண்டு பேரும் வயர் மாட்டுவதைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரத்துக்கு முதுகைக் காட்டி நின்றவள் அவள்.

"மொட்டு!"

விக்கல் இல்லை. அடுப்பங்கரையிலிருந்து ஓர் அம்மா தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல், முழுசாக, இழுத்து, கொஞ்சம் செல்லமும் கொஞ்சம் அதட்டலுமாக.

மிஸ் அவளைப் பார்த்தாள். "ஏன்க்கா கூப்பிட்டீங்க?"

"நான் வாயே திறக்கலையே."

"உங்க குரல்தானே?"

அவள் குரல்தான். அதை அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரை அவள் இதுவரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. திரும்பிப் பார்த்தபோது யானைக்குட்டி தும்பிக்கையைத் தொங்கப்போட்டபடி சும்மா நின்றது. ஸ்பீக்கர் வயர், பிடுங்கியது பிடுங்கியபடி மிஸ்ஸின் கையிலேயே இருந்தது.

மிஸ் வயரை மேசைமேல் வைத்தாள்.

அன்றே யானைக்காரி தாளாளரிடம் போய்ச் சொன்னாள். "அம்மா, என்னால ஆனதைப் பண்ணிட்டேன். இதுக்கு மேல கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்ல. பிள்ளைங்ககிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"உங்க வேலையை மட்டும் பாருங்க" என்றார் தாளாளர்.

ஆனால் மறுநாள் கம்ப்யூட்டர் மிஸ் யாரையும் கேட்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, பூசி மெழுகாமல் சொல்லிவிட்டாள். முதலில் யாரும் அழவில்லையாம். "அப்ப யானை கூப்பிட்டா அவளுக்குக் கேக்காதா?" என்று மட்டும் ஒருத்தி கேட்டிருக்கிறாள். அதன் பிறகுதான் ஒன்று அழ, எல்லாம் அழுதன. தாளாளர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாலும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் பிள்ளைகள் முறைவைத்து உட்காரத் தொடங்கினார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். தோளில் அளவு நாடா தொங்கியது. தையல் கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"யானைக்காரி வீடு இதானுங்களா? நான் மொட்டோட அம்மா."

யானைக்காரி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள். வந்தவள் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"ஸ்கூல் சுவரை ஒட்டித்தான் கடைக்குப் போவேன். என் பொண்ணு பேரு உள்ளே இருந்து கேக்கும். முதல்ல விக்கி விக்கி வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் சரியா வந்துச்சு. இப்ப ஒண்ணுமே வர்றதில்ல. இன்னொரு தடவை கேட்டா போதும்மா."

இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. பழைய விளையாட்டைத் திறந்து, மூன்று எழுத்தையும் பொறுக்கினாள். யானைக்குட்டி விக்கியது. அம்மாக்காரி தலையை ஆட்டினாள்.

"இது இல்ல. நீங்க கூப்பிடுங்க."

"நானா?"

"உங்க குரல்தானே அது."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மொட்டு" என்றாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா. அவ தூரமா போய் விளையாடுவா."

திறந்திருந்த வாசலைப் பார்த்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "மொட்டு!"

சந்துக் கோடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. குட்டிச் செருப்பு தரையில் அடிக்கிற சத்தம். பட்பட்டென்று ஓடி வந்தது, பக்கத்தில் வந்தது, வாசற்படியில் வந்து நின்றது. வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

அம்மாக்காரி தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். முகத்தில் பயமும் இல்லை, அழுகையும் இல்லை.

"போதும்மா. வரேன்."

படியிறங்கும்போது லேசாகக் குனிந்து நிமிர்ந்தாள். யானைக்காரி வாசலுக்கு வந்து பார்த்தபோது, அந்தப் பெண் வண்டிகள் போகிற பக்கமாகத் தான் நடந்துகொண்டு, சுவரோரமாக ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டு, மெதுவாக, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் ஆடவே இல்லை.

மறு வாரமே அவள் தன் குரலை எல்லா விளையாட்டிலிருந்தும் எடுத்துவிட்டாள். புருஷனை அலமாரிக்குள் தலைவிட வைத்து, எழுத்தையெல்லாம் அவனைச் சொல்லச்சொன்னாள். "லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவனுக்கு ஆறுதல் சொல்ற குரல்டி இது" என்று அலுத்துக்கொண்டே சொன்னான். பிள்ளைகள் அந்தக் கட்டைக் குரலுக்கும் சிரித்தார்கள். புதுப் பள்ளிக்கூடங்களும் கேட்டு வந்தன. தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை.

ஏன் குரலை மாற்றினாள் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறான். சாப்பாட்டுக்குக்கூட அவள் இப்போதெல்லாம் அவனைச் சத்தம்போட்டுக் கூப்பிடுவதில்லை. அவன் எந்த மூலையில் இருந்தாலும் நடந்துவந்து, தோளைத் தொட்டு, "வா" என்பாள்.