அளவு குறைந்த பதில்

ஆயிஷா லாத்தா மௌத்தான வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "சேக் தாவூது அந்தக் காலத்திலேயே மகளுக்கு இங்கிலீசு படிச்சுக் குடுத்தவரு!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அவள் தங்கை ஜைனப். அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள். எங்களைப் பெற்ற வாப்பா எதைக் கொடுத்தார், எதைக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாதா?

எங்கள் வீடு மலாய் புழங்கும் ஊரில், தேக்கா வட்டாரத்தில், மாட்டுத் தொழுவங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே வாப்பாவின் மளிகைக் கடை, மேலே நாங்கள். டிராம் வண்டி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சாமான்களை ஏலம் விடும்போது வாப்பா புத்தகங்களை எடைக்கு வாங்கி வருவார். படிக்க அல்ல, மிளகும் மல்லியும் மடிக்க.

லாத்தாவுக்கு எழுத்துக் காட்டியவள் பக்கத்து வீட்டில் இருந்த, பாதி வெள்ளைக்கார வம்சமான சட்டைக்காரப் பெண் பிளாரன்ஸ். இருவருக்கும் ஒரே வயது. பூவேலை தைக்க வந்தவள், ஊசியோடு ஏ பி சி யும் கொண்டுவந்தாள். முதலில் சோப்புப் பெட்டி, பிறகு பிஸ்கட் டின், பிறகு கடைப் புத்தகங்கள் என்று லாத்தா விழுங்கிக்கொண்டே போனாள். கடையில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து கிழிப்பார்கள். அதனால் அவள் படித்த கதை ஒன்றுக்கும் முடிவு கிடையாது. நாயகி பிழைத்தாளா, செத்தாளா என்பது யார் வீட்டு ரசத்துக்கோ மிளகோடு போயிருக்கும். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் பாட்டுகள் மட்டும் சில தப்பித்தன. அவற்றை அம்மியில் அரைக்கும்போது நெட்டுருவாகச் சொல்வாள். இல்லாத முடிவுகளுக்காக அவளும் பிளாரன்ஸும் இங்கிலீசில் சண்டை போடுவார்கள். மூன்றாம் வருஷம் அந்தச் சண்டையில் லாத்தாதான் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

வாப்பா இதைத் தடுக்கவில்லை. ஓதத் தெரிந்த பிள்ளை வாசித்தால் குற்றமில்லை என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். ஆனால் பேனா கூடாது. பெண் எழுதப் பழகினால் கடுதாசி எழுதுவாள், கடுதாசி எழுதினால் யாருக்கு எழுதுவாள்? இதுதான் அவர்கள் கண்டுபிடித்த பெரிய நியாயம்! பிளாரன்ஸ் ஒருநாள் சிலேட்டுக் குச்சி கொண்டுவந்தபோது உம்மா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். எங்கள் அண்ணன், அப்துல் அலீம் நானாவுக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டு மைக்கூடு. பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏழு வருஷமாகப் பெரிய பள்ளிக்கூடம் போய் வந்தவர் அவர்.

அப்போதுதான் அந்த வாய்ப்பு வந்தது. பிளாரன்ஸ் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கூடத்தில், முஸ்லிம் வீடுகளுக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒருத்தி வேண்டும் என்றார்கள். மூடு ரிக்ஷாவில் போய் மூடு ரிக்ஷாவில் வருவதானால் சரி என்று வாப்பா தலையாட்டிவிட்டார். லாத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த மாடிப்படியை விட்டு இறங்க அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

பரீட்சை வைக்க ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டுக்கே வந்தார். லாத்தா வாசித்தாள், பாட்டுச் சொன்னாள். அந்த அம்மா முகமெல்லாம் சிரிப்பு. பிறகு ஒரு தாளை நீட்டி, படித்த கதை ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்.

"எழுத்து மட்டும் வேண்டாம்," என்றார் வாப்பா.

"தா போலே," என்று அந்த அம்மா மலாயில் மறுத்தார். பதில் தாளில் இருந்தால்தான் கமிட்டி பார்க்குமாம். கடைசியில், லாத்தா சொல்லச் சொல்ல வீட்டு ஆள் யாராவது எழுதலாம் என்று முடிவாயிற்று. வீட்டில் இங்கிலீசில் பேனா பிடித்தவர் நானா ஒருவர்தான்.

லாத்தா சொன்னாள். கடைசிப் பக்கம் இல்லாத கதையைச் சொல்லி, அது எப்படி எப்படியெல்லாம் முடியலாம், எது அந்த நாயகிக்கு நியாயம் என்று நிறுத்தாமல் சொன்னாள். எனக்கு அப்போது ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் அவள் குரல் நடுங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நானா பேனாவைக் கடித்தார், கூரையைப் பார்த்தார், கொஞ்சம் எழுதினார்.

வாப்பாவுக்கும் இங்கிலீசு தெரியாது. ஆனால் தராசு பார்த்துப் பழகிய கண் அது.

"ஏண்டா, அவ இவ்வளவு நேரம் பேசினா. ரெண்டு வரிதான் இருக்கு?"

"சுருக்கமா எழுதினா போதும் வாப்பா," என்றார் நானா. புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை அவருக்கு.

அடுத்த வாரம் பிளாரன்ஸ் அழுதுகொண்டே வந்தாள். பதில் போதாதாம், வேலை இல்லையாம். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் காதால் கேட்டவர்தானே? கேட்டதற்கு மதிப்பில்லையாம், தாளுக்குத்தான் மதிப்பாம். வாப்பா பேனா கூடாது என்பார், அந்த அம்மா பேனா இல்லாமல் முடியாது என்பார். இரண்டு பேரும் நல்லவர்கள், நடுவில் நசுங்கியவள் மட்டும் என் லாத்தா.

வாப்பா கோபத்தில் குதித்தார். யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? "ஏழு வருஷம் சம்பளம் கட்டி அளந்து வாங்கினது இவ்வளவுதானா? அளவு குறையுதே!" என்று நானாவைப் பிடித்துக் கத்தினார். கையோடு நானாவுக்கு வீட்டில் வந்து சொல்லிக்கொடுக்கத் தங்கராஜு வாத்தியாரை ஏற்பாடு செய்தார். ஆமாம், நானாவுக்கு! இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

வாத்தியார் வந்த முதல் நாள், முன்கூடத்தில் மேசை போட்டு, நாற்காலி போட்டு, புது மைக்கூடு வைத்திருந்தார்கள். அந்நிய ஆண் வந்தால் நாங்கள் திரைக்கு அந்தப் பக்கம். லாத்தா துப்பட்டியைத் தலை நிறையப் போர்த்திக்கொண்டாள். என் கையை உதறிவிட்டுத் திரையை விலக்கிக்கொண்டு நடந்தாள். நானா உட்காரப் போன நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன புள்ளே இது?" என்று வாப்பா எழுந்தே விட்டார்.

"அளவு குறையுதுன்னு நீங்கதானே சொன்னீங்க வாப்பா?" லாத்தா தலை நிமிரவில்லை. "குறைஞ்சது யாரோட சரக்கு?"

நானா மைக்கூட்டை எடுக்கக் கை நீட்டினார். லாத்தா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வாத்தியார் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா போய்த் தெருப்பக்கம் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.

"மொதல்ல அவளுக்குச் சொல்லிக் குடுங்க," என்றார்.

சாத்திய அந்தச் சன்னலைப் பற்றித்தான் மௌத்து வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை.