ரெமிஜியுஸின் ஆறரைக் கட்டை

போன சனிக்கிழமை ரெமிஜியுஸுக்கு வேலை போயிற்று. காரணம் — நான்.

எழுதாத நேரத்தில் துறைமுகத்தை ஒட்டிய கிளப்பில் பிடில் வாசிப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கப்பல் அதிகாரிகள் ஆடுவதற்கு ஜாஸ் வாசிப்போம். பாண்டு மாஸ்டர் பியானோ, ரெமிஜியுஸ் டிரம்பெட். பெரியதாழைக்காரர். ரங்கூன் ஓட்டல்களில் ஊதிக்கொண்டிருந்தவர், ஜப்பான் குண்டு விழுந்ததும் காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்.

அவர்மேல் எனக்கொரு மனத்தாங்கல். எந்தப் பாட்டானாலும் ஆறரைக் கட்டை, இல்லாவிட்டால் இரண்டரை! நம் ஆர்மோனியக் கணக்கில் சொல்கிறேன். அந்தச் சுருதிகளில் என் பிடிலின் வெறும் தந்திகள், விரல் வைக்காமலே ஒலிப்பவை, சரியாகக் கைகொடுக்காது. விரல் நோகும். இரண்டு கட்டையில் வைத்தால்தான் அது வாய்விட்டுப் பேசும்.

“ஜாஸ்னா வேற கட்டையே கெடயாதாவே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இந்தக் குழல்ல ஒரு பொத்தானயும் அமுக்காம ஊதுனா ஆறரைதான் அண்ணாச்சி வரும். அதான் ஊதுறவன் எல்லாம் அங்கனயே சுத்திக்கிட்டு கெடக்கான்.”

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சனிக்கிழமை எங்கள் வாசிப்பைக் கேட்க கிளப் செக்ரட்டரி வருகிறார்... ஒரே ஒரு பாட்டையாவது இரண்டு கட்டையில் வைக்க வேண்டும் என்று மாஸ்டர் வீட்டுக்கே தனியாகப் போய்க் கேட்டு வாங்கிவிட்டேன்.

அன்று என் பிடில் ஜோராகப் பேசியது. அடுத்து ரெமிஜியுஸ். மூன்றாவது சுரத்திலேயே குழல் பிசிறியது. மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே இடம். பின்னால் யாரோ சிரித்தார்கள். குழலை மடியில் வைத்துவிட்டுத் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி நீங்கள் வர வேண்டாம்” என்றார் செக்ரட்டரி.

வாசலில் மறித்தேன். “என்னவே ஆச்சு?”

மோதிர விரலைக் காட்டினார். மடங்கவில்லை.

“பர்மாக் காட்டுல விழுந்ததுலருந்து மரத்துக் கெடக்கு அண்ணாச்சி. ஆறரையில மூணாவது பொத்தானுக்கு அவ்வளவா வேல இல்ல, ஒப்பேத்திருவேன். இன்னைக்கு வச்ச கட்டையில அடிக்கொருதரம் அதுதான் வேணும்.”

“சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா வச்சிருப்பாவளா?”

அந்தக் கட்டையைக் கேட்டு வாங்கியவன் நான்தான் என்றேன்.

“தெரியும் அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

செக்ரட்டரியிடம் போய் நின்றேன், கெஞ்சினேன். கொழும்பிலிருந்து வேறு ஆள் வருகிறாராம். ரெமிஜியுஸ் திங்கட்கிழமை பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டார்.

ஒருவர் ஒரே இடத்தில் நின்றால் பழக்கதோஷம் என்கிறோம், சோம்பல் என்கிறோம். ஏன் நிற்கிறார் என்று யார் விசாரிக்கிறோம்?

மாஸ்டர் வீடு வரை நடந்த நான், பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.