பக்கத்து வீட்டுப் புகை

மாவிஸ் ஸ்டப்ளி பேசுவதில்லை என்று முடிவெடுத்தால் பேசமாட்டாள். பக்கத்து வீட்டு ஹெட்லியோடு பேச்சு நின்று இருபது வருஷம் ஆகிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில், கல்லெறிக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட கம்பெனி பஸ்ஸில் ஏறி ஹெட்லி வேலைக்குப் போனான். அன்றைக்கு மாவிஸ் சங்க மண்டபத்தில் பட்டினி கிடந்த தெருவுக்கே சமைக்க உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கருங்காலியோடு பேச்சுவார்த்தை கிடையாது என்றது தெரு. சுரங்கத்தை மூடி மேலே புல்லும் முளைத்துவிட்டது. அந்தக் கட்டுப்பாடு மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது மகள் ஜானைன் கைக்குழந்தையோடு வந்து முன்னறை சோபாவில் படுத்துக் கிடந்தாள். குளிர் இறுகுவதற்குள் கூரைக்கடியில் இருந்த பரணை அவளுக்கு அறையாக்க வேண்டும். இடைஞ்சல் புகைக்கூண்டுதான். கீழே கணப்படுப்பிலிருந்து ஹெட்லி வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவரை ஒட்டி ஏறி, ஒவ்வொரு மாடியிலும் பீரோ மாதிரித் துருத்திக்கொண்டு, பரணில் பாதியை அடைத்து நின்றது. கேஸ் வந்ததும் மாவிஸ் கணப்பை மூடிவிட்டாள். செத்த கூண்டுதானே, இடித்தால் போச்சு.

இடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அதே தெருவில் பிறந்த கொத்தனார் கிளைவுக்கும் தோன்றவில்லை. ஹெட்லியிடம் யார் போய்ச் சொல்வது?

பரணில் நாலு செங்கல்லைப் பெயர்த்ததும் கிளைவ் நிறுத்தினான்.

"மாவிஸ்க்கா, மேல வாங்க. கணப்ப எப்ப மூடுனீங்க?"

"ஜானைன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தப்பவே. ஏன்?"

"செங்கல்லு சுடுது."

மாவிஸ் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். முகத்தில் புகை அடித்தது. இருமிக்கொண்டே, "இது யாரு புகைடா?" என்றாள்.

கிளைவ் பொதுச்சுவரைக் கட்டைவிரலால் காட்டினான். "அவரு புகை இங்க வளைஞ்சு உங்க பக்கமா ஏறுது. செங்கல் மிச்சம் பிடிச்சுக் கட்டியிருக்கானுங்க."

"இத்தன வருஷமா என் வீட்டு வழியாவா போயிட்டிருக்கான்!" கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. "இடிச்சா?"

"அவர் வீடு பூராப் புகை. தூக்கத்துலயே ஆளு போயிடுவாரு."

"போய்ச் சொல்லு."

"நானா? எங்கப்பா கல்லறையிலேருந்து எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

ஜானைன் கீழிருந்து கத்தினாள். "உன் கட்டுப்பாடு, நீயே போம்மா!"

மாவிஸ் போய்க் கதவைத் தட்டினாள். திறந்த ஹெட்லி வாயைப் பிளந்தான்.

"யாரு செத்துட்டா?"

"இன்னும் யாரும் இல்ல. அடுப்ப அணை." பேச்சு அவனோடு, கண் உள்ளே. தன் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பதுபோல் எல்லாம் இடம்வலம் மாறி இருந்தது. "எல்லாரும் கேஸ் போட்டாச்சு, நீ ஏன் இன்னும் கரிய எரிக்கற?"

"கேஸ் போட வந்தவனும் நம்ம தெருக்காரன்தான். ஒவ்வொரு கதவாத் தட்டிக்கிட்டு வந்தான். என் கதவ மட்டும் தட்டல."

மாவிஸ் கிளைவ் கண்டுபிடித்த வழியைச் சொன்னாள். பரணில் அவன் புகை வந்து சேரும் இடத்துக்குக் கீழே உள்ள பாதியை இடிக்கலாம். அதற்கு மேலே நிற்கும் பாதியைத் தாங்க இரும்பு உத்தரம் வேண்டும். உத்தரத்தின் ஒரு முனை ஹெட்லியின் பக்கத்துச் சுவரில் ஏற வேண்டும். அவன் முடியாது என்றால் ஜானைனுக்குச் சோபாதான். சரி என்றால், வேலை முடியும்வரை அவனுக்கு நெருப்பு கிடையாது.

"குளிருமே."

"ரெண்டு கோட்டு போட்டுக்க."

ஹெட்லி சிரித்துவிட்டான். "சரி, செய்யுங்க. ஆனா திரும்பக் கொளுத்தலாம்னு கிளைவ் வந்து சொல்லக்கூடாது. நீதான் சொல்லணும்."

மாவிஸ் திரும்பி நடந்தாள்.

கறிக்கடை வரிசையில் தெருக்காரி ஒருத்தி விசாரணையைத் தொடங்கினாள். "அவன்கூடப் பேசினியாமே?"

"புகைக்கூண்டோட பேசினேன்."

"சரி, வீடு உள்ள எப்படிடி இருக்கு?"

"போய்ப் பாரேன். கதவு எங்கன்னு தெரியாதா ஒனக்கு?"

உத்தரம் ஏறியது. மேல்பாதி கூண்டு நின்றதால் அறை கொஞ்சம் ஒடுங்கியது, ஆனாலும் கட்டிலும் தொட்டிலும் பிடித்தன. சுவர் வழியாகவே ஹெட்லிக்குக் குரல் கொடுக்கக் கிளைவ் வாயைத் திறந்தான். மாவிஸ் அவனைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனாள்.

"கொளுத்திக்க," என்றாள் வாசலில் நின்று.

"டீ போடறேன், உள்ள வா."

"டீயெல்லாம் வேணாம். நீ பஸ் ஏறினத நான் மறக்கல."

"நானும்தான் மறக்கல."

"புகை ஒழுங்காப் போகுதான்னு பாத்துட்டுப் போறேன்," என்று உள்ளே நுழைந்தாள். ஹெட்லி குனிந்து தீக்குச்சியைக் கிழித்தான். யாரும் வந்து போகாத அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான். ரெண்டு பேருமே உட்காரவில்லை.