சித்தேரி பஸ்ஸும் இரண்டு ஆராய்ச்சியாளர்களும்

பொதுக் கொள்கை ஆராய்ச்சி செய்கிறவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்து, அவர்கள் கண்டதை நாலு பேர் காதில் போடுவது என் தொழில். கல்யாணத் தரகருக்காவது பந்தியில் ஓர் இலை உண்டு. கூட்டம் ஏற்பாடு செய்துவிட்டுக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

ஒரே டீக்கடை

எங்கள் இணையதளத்தில் ஆராய்ச்சியாளர்களைப் பற்றிய விவரங்களைப் போடுவோம். சித்தேரி மலைப் பெண்பிள்ளைகள் ஏன் பாதியில் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பது கவிதாவின் ஆராய்ச்சி. மலைக்குப் போகும் பஸ்களைப் பற்றியது முருகேசனுடையது. இருவரும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள். ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். முகம் தெரியும், பேர் தெரியாது.

அந்தக் கடையிலேயே இருவரையும் உட்காரவைத்தேன். மேல்வகுப்புக்குக் கீழே இறங்கி வரும் பிள்ளைகள் கொஞ்ச நாளில் நின்றுவிடுவதைக் கவிதா விவரித்தார். முருகேசன் டம்ளரைக் கீழே வைத்தார். சாயங்கால பஸ் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறது என்றார். கவிதா சொன்னார்: "நான் வூடு வூடாப் போயி அப்பா அம்மாவக் கேட்டுட்டு இருந்தேங்க. பஸ் ஸ்டாண்டுல கேக்கணும்னு தோணவேயில்ல."

ஜீப் ஓரம்

தர்மபுரியில் மண்டபம் பிடித்து, போக்குவரத்து அதிகாரி ஒருவரை அழைத்து, இருவரையும் பேசவைக்க ஏற்பாடு செய்தேன். வரவேற்புரையும் வாழ்த்துரையும் நீண்டுகொண்டே போயின. கவிதாவின் முறை வருவதற்குள், வேறு கூட்டம் இருக்கிறதென்று அதிகாரி எழுந்துவிட்டார்.

கவிதா அவர் பின்னாலேயே போனார்; முருகேசனும் நானும் கூடவே ஓடினோம். ஜீப் பக்கத்தில் நின்று மல்லிகா என்ற ஒரே பெண்ணைப் பற்றிச் சொன்னார். பஸ்ஸைத் தவறவிட்டவள் காட்டுவழியே நடந்திருக்கிறாள். மழை பிடித்துக்கொள்ள, ஊரே டார்ச்சோடு தேடி வந்திருக்கிறது. அதோடு அவள் படிப்பை அப்பா நிறுத்திவிட்டார். முருகேசன் பஸ் நேரத்தை மட்டும் சொன்னார். அதிகாரி ஏறாமல் நின்று முழுக்கக் கேட்டார். நான் மண்டபத்துக்குள் திரும்பியதும், மைக் செட்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அடுத்த தடவ ஜீப்புக்குப் பக்கத்துலயே மைக்க வெச்சிரலாங்க."

புது நேரம்

சில மாதங்களில் சாயங்கால பஸ் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கிளம்பும்படி நேரத்தை மாற்றினார்கள். மல்லிகா திரும்பப் பள்ளிக்கூடம் வருகிறாள் என்று கவிதா போனில் சொன்னார். மூன்று பேரும் அந்த பஸ்ஸில் மலைக்குப் போனோம். உள்ளே முழுக்கச் சீருடைகள். மல்லிகா ஜன்னலோரத்தில் தோழியோடு பேசிக்கொண்டு வந்தாள்; எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுவே எனக்கு நிறைவாக இருந்தது.

எங்களோடு இறங்கிய விவசாயி ஒருவர், நாங்கள் யாரென்று விசாரித்தார். சந்தையில் சாமை விற்றுவிட்டுத் திரும்புகிறவர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அவர் ஊருக்கு இன்னும் நடக்க வேண்டும். அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. கோபமில்லாமல்தான் சொன்னார்: "புள்ளைங்க படிக்கட்டுங்க, நல்லதுதான். இப்ப நாங்கதான் இருட்டுல நடக்குறோம். எங்களுக்கும் ஒரு ஆராய்ச்சிக்காரர் இருந்தா அனுப்பி வைங்க."

இந்தத் தொழிலில் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாராட்டு வருவதற்கு முன்பே அடுத்த கேள்வி பஸ்ஸை விட்டு இறங்கி வந்துவிடுகிறது.